கைப்பையில் ஒரு கில்ட்

"எதை வேணா கேளு டோலினா. இந்தப் பையை மட்டும் கேக்காதே" என்றான் மர்டோ.

ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் இருக்கும் ஸ்டோர்னோவே விமான நிலையத்தில் மொத்தமே ஒரு வரிசைதான். அதுவும் அவனால் நின்றுபோயிருந்தது. பக்கத்தில் நின்ற அவன் மனைவி பெகிக்கு மானம் போனது.

"சின்ன விமானம் மர்டோ, மேல இடமில்ல. எல்லாரும் பையைக் கீழ போடக் கொடுத்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றாள் வாசலில் நின்று பயணச்சீட்டு பார்த்துக்கொண்டிருந்த டோலினா.

"உள்ள கில்ட் இருக்கு." அந்தத் தீவு ஆண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் கட்டும், கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை அது.

"என் கல்யாண உடுப்பே கீழதான் போயிருக்கு. உன் கில்ட் மட்டும் என்ன மகாராஜாவா?" என்றாள் பெகி.

"உன் உடுப்பு தொலைஞ்சா டொராண்டோவுல வேற வாங்கிக்கலாம். இது எட்டு கஜம் கம்பளி, கையால தைச்ச மடிப்பு. எந்தக் கடையில தொங்குது, சொல்லு?"

அவன் படும் பாடு எதற்கென்று பெகிக்குத் தெரியும். சனிக்கிழமை டொராண்டோவில் அவள் மகன் அலஸ்டருக்குக் கல்யாணம். அலஸ்டர் அவளுடைய முதல் கணவன் ரோடி மெக்லவுடின் பிள்ளை. பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது வீட்டை விட்டுப் போனவன் ரோடி. அன்றிலிருந்து வளர்த்தது மர்டோதான். இப்போது பையன், "ரெண்டு அப்பாவும் கில்ட் கட்டிக்கிட்டு என் ரெண்டு பக்கமும் நிக்கணும்" என்று கேட்டிருந்தான்.

ஆனால் ரோடியிடம் கில்ட் இல்லை, சாதாரண கோட்டு சூட்டில்தான் வருகிறான் என்று போன மாதம் சேதி வந்தது.

அன்று பிடித்தது மர்டோவுக்குக் கில்ட் பைத்தியம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மடிப்பு கலையாமல் இருக்க வெள்ளை நூலால் குறுக்கே தையல் போட்டான். இறுக்கமாகச் சுருட்டினான். பெகியின் புதுக் கறுப்புக் காலுறையில் ஒரு காலை வெட்டி அதற்குள் திணித்தான். எலியை விழுங்கிய பாம்பு மாதிரி இருந்தது அது. காலுறை போன வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

'போட்டோவுல ரோடியை மட்டம் தட்டணும். அதுக்குத்தான் இத்தனை கூத்து' என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"மர்டோ, அது பையனோட நாள். உன் வீம்பை அங்க காட்டாதே" என்றாள் தணிந்த குரலில்.

"வீம்புன்னே வெச்சுக்கோ" என்றவன் டோலினா பக்கம் திரும்பினான். "பையை எடுத்துக்கோ. கில்ட்டை மடியில வெச்சுக்கறேன்."

"மடியிலயும் எதுவும் வைக்கக் கூடாது. உடம்புல போட்டிருக்கறதைத்தான் நான் கேக்க முடியாது."

"அப்போ கட்டிக்கோயேன் மர்டோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "உன் முழங்காலைப் பாத்து இங்க யாரும் மயங்கி விழ மாட்டோம்!"

வரிசையே சிரித்தது. மர்டோவின் காது சிவந்தது. கல்யாணம், சாவு, கால்பந்து எதற்கும் கில்ட்டோடு கிளம்புகிற மனுஷன். இவனுக்கு எதற்கு வெட்கம் என்று பெகி யோசித்தாள்.

அவன் பையைத் திறந்தான். காலுறையிலிருந்து சுருட்டை உருவி உதறினான்.

மஞ்சள். கண் கூசும் மஞ்சளில் கறுப்புக் கட்டம்.

சிரிப்பு சட்டென்று நின்றது. எந்தக் கட்டம் எந்தக் குலத்துக்கு என்பது அந்தத் தீவில் குழந்தைக்கும் தெரியும். மர்டோ, மோரிசன் குலத்தவன்; அவர்களுடையது பச்சை. மஞ்சள் மெக்லவுட்களுடையது. அந்தத் தீவுக்காக இரண்டு குலமும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்த கதை ஊரறிந்தது. பந்தயம் கட்டினால்கூட ஒரு மோரிசன் அதை இடுப்பில் சுற்ற மாட்டான்.

மர்டோ யார் முகத்தையும் பார்க்காமல் கால்சட்டைக்கு மேலேயே அதைச் சுற்றி வாரை மாட்டினான்.

"அடப்பாவி, குலம் மாறிட்டியா?" என்று யாரோ கத்த, வரிசை மறுபடி வெடித்துச் சிரித்தது. டோலினா உதட்டைக் கடித்துக்கொண்டு, "போங்க, போங்க" என்றாள்.

பெகி மட்டும் சிரிக்கவில்லை. விமானத்தில் உட்கார்ந்ததும் அந்த மஞ்சள் துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவளுடைய முதல் கல்யாணத்தில் மாமனார் கட்டியிருந்த கில்ட் அது.

"இது ரோடியோட அப்பாவோடது."

"ஆமா. ரோடியோட அக்காகிட்ட இருந்தது."

"தம்பி பேரைச் சொன்னாலே கதவைச் சாத்தறவளாச்சே அவ!"

"சாத்தினா. ரெண்டு தடவை. மூணாவது தடவை போய்க் கெஞ்சினேன். கையை விட்டு இறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கொடுத்தா."

தான் எழுதிய தீர்ப்பை நினைக்க பெகிக்கு வெட்கமாக இருந்தது.

"அப்போ உன்னோடது?"

"பெரிய பெட்டியில, கீழ. வந்தா வரட்டும்."

"வரலைன்னா? பையன் பக்கத்துல நீ வெறும் கோட்டுல நிப்பியா?"

உட்கார்ந்ததில் மடிப்பு கசங்காமல் கையால் நீவிவிட்டுக்கொண்டே மர்டோ சொன்னான்:

"என்னை அவன் இருபத்தஞ்சு வருஷமா தினம் பாத்திருக்கான் பெகி. நான் எதைப் போட்டுட்டு நின்னாலும் அவனுக்கு அப்பாதான். ரோடிக்குத்தான், அப்பான்னு தெரியறதுக்கு ஏதாவது வேணும்."