சந்தாவில் வந்த டிராகன்

"செத்துட்டான்ணா! ஒழிஞ்சான்!" என்று ஹோரியா சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

"மெதுவாடா, கீழ் வீட்டுக்குக் கேக்கப்போகுது" என்றான் லிவியு. நாளைக் காலை மகள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்தான்.

டி.வி. திரையில் வீடியோ கேமின் கடைசி எதிரியான பனி டிராகன் மல்லாந்து கிடந்தது. எதிர் வீட்டுக் கல்லூரி மாணவன் ஹோரியாவுக்கு அதைச் சாய்க்க ஒரு பீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. லிவியுவும் பத்து வயது மகள் இலின்காவும் கோடையிலிருந்து அதனிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

விவாகரத்தின்போது கோர்ட் லிவியுவுக்குக் கொடுத்தது மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு. இந்த விளையாட்டை ஆரம்பித்த பிறகுதான் இலின்கா வாராவாரம் வர ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா கிரினா எப்படிச் சம்மதித்தாள் என்று அவன் கேட்கவில்லை. தானாகக் கிடைத்ததைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன்?

எல்லாம் தன்னுடைய வீடியோ கேம் சந்தாவின் மகிமை என்று நினைத்துக்கொண்டான். சந்தாவைப் பற்றி ஆரம்பித்தால் அவனை நிறுத்தவே முடியாது. மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் நூற்றுக்கணக்கான விளையாட்டு கையில் இருக்கும்போது, ஒன்றே ஒன்றை முழு விலைக்கு வாங்குகிறவன் மடையன் என்று தான் வேலை பார்க்கும் டிமிஷோரா நகர டிராம் பணிமனையில் அவன் சொல்லாத ஆள் கிடையாது.

ஆனால் சந்தாவில் வந்த விளையாட்டு சந்தாவைவிட்டுப் போகவும் செய்யும். "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமையோடு விலகுகிறது" என்று போன ஞாயிறு திரையில் அறிவிப்பு வந்தது.

"அப்பா, இதை மட்டும் சொந்தமா வாங்கிடுங்கப்பா, ப்ளீஸ்" என்றாள் இலின்கா.

"எதுக்குடா செல்லம்? பாக்கி இருக்கிறது ஒரே ஒரு டிராகன். முடிச்சிட்டா அப்புறம் யாரு தொடப்போறா? இன்னும் எத்தனை விளையாட்டு சும்மா கிடக்கு, பாரு!"

"எனக்கு இதுதான் வேணும்."

அவன் வாங்கவில்லை. பாதி பிடிவாதம், பாதி ஹீட்டர் பில் பயம். அன்றைக்கும் டிராகனிடம் தோற்றார்கள். மற்ற கட்டங்களில் எல்லாம் அப்பாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுகிற சூரப்புலி, டிராகன் எதிரில் மட்டும் அதே பள்ளத்தில் போய் விழுந்தாள்.

பாவம், குழந்தை முடிவைப் பார்க்காமலே போய்விடுமே என்றுதான் சனிக்கிழமை ஹோரியாவைக் கூப்பிட்டான். ஆனாலும் மனசு உறுத்தியது. நான் இல்லாமல் இதைத் தொடக் கூடாது என்று அவள் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஞாயிறு காலை லிவியு பேக்கரி வரிசையில் நின்று, மகளுக்குப் பிடித்த எள்ளு தூவிய வளைய ரொட்டியான கொவ்ரிகியைச் சுடச்சுட வாங்கி வந்தான். செய்த காரியத்துக்கு அதுவாவது லஞ்சமாக இருக்கட்டும் என்று.

கிரினா கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "என்ன, இன்னும் முடியலயா அந்த விளையாட்டு?"

வாரம் தவறாமல் இதைக் கேட்பாள். சந்தாவையும் தன்னையும் சேர்த்துக் குத்திக்காட்டுகிறாள் என்று லிவியுவுக்கும் வாரம் தவறாமல் சுருக்கென்று தைக்கும். எப்போதும் இலின்காதான் முந்திக்கொண்டு "இல்லம்மா" என்பாள்.

இன்று லிவியு முந்திக்கொண்டான். "முடிச்சாச்சு! நேத்தே ஆள் காலி. இனிமே இந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு வேலை இல்ல."

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றாள் கிரினா. மகளின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "சாயங்காலம் வரேன்" என்று படியிறங்கிப் போனாள். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தைகூடக் கேலி செய்யாதது லிவியுவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

திரும்பிப் பார்த்தால், இலின்கா வெளுத்துப்போய் நின்றாள்.

"யாரு முடிச்சது?"

"நானும் ஹோரியாவும்... செவ்வாய்க்கிழமை போயிடுமேன்னுதான்டா. வா, கடைசிக் காட்சியை நீ பாக்கணும்னு அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன். கொவ்ரிகி சாப்பிட்டுக்கிட்டே பார்க்கலாம்."

அவள் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. முதுகுப் பையைக்கூட இறக்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

லிவியு அப்படியே மண்டியிட்டான். நாற்பது வயதில், மகளுக்குக் கொடுத்த ஒரு சத்தியத்தைக் காப்பாற்றத் துப்பில்லையே என்று அவனுக்கே தன்மீது வெறுப்பாக வந்தது.

"தப்புதான் செல்லம். அப்பா பண்ணது பெரிய தப்பு. என்னைத் திட்டு, ரெண்டு அடிகூட அடி. அந்தப் பள்ளத்தைத் தாண்ட உன்னால முடியலயேன்னு பரிதாபப்பட்டுத்தான்..."

"முடியாம இல்லப்பா. வேணும்னேதான் விழுந்தேன்."

"ஏன்டா?"

அவள் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அது முடியிற வரைக்கும்தான் வாராவாரம் அனுப்புவேன்னு அம்மா சொல்லியிருக்காங்க."