முப்பத்தோரு பேர், ஒரே போன்

"தலைவரே, பச்சையா சொன்னா இது கள்ள ஓட்டுங்க."

பூங்குழலி நீட்டிய காகிதத்தை வாங்கிய சங்கத் தலைவர் மரியதாஸ், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு இந்த நம்பரெல்லாம் புரியாதும்மா. வாயால சொல்லு."

மரக்காணம் உப்பளத்தில் முன்பெல்லாம் மேஸ்திரி கைகாட்டுகிறவருக்குத்தான் மறுநாள் வேலை. அந்த வழக்கத்தை ஒழிக்கத்தான் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள் பூங்குழலி. உப்பு வாரும் வீட்டிலிருந்து கல்லூரி முடித்த முதல் பெண். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவு திறக்கும். முதலில் பெயர் பதியும் நாற்பது பேருக்கு வேலை. யார் தயவும் வேண்டாம்.

"நாப்பதுல முப்பத்தோரு பேரு ஒரே போன் நெட்லேருந்து பதிஞ்சிருக்குது. நேத்து மட்டும் இல்ல, ஒம்போது நாளா இப்படித்தான். மூணு தடவ சரிபார்த்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"யாரு போனு?"

"மேஸ்திரி புருஷோத்தமன். அவரு தினமும் லிஸ்ட் எடுக்கறதும் அதே நெட்லதான்."

ஆள் அனுப்பினார்கள். மேஸ்திரி வந்தார். விஷயம் அதற்குள் பாத்தி பாத்தியாகப் பரவிவிட்டது போல. தலையில் சும்மாடோடு பெண்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் மேஸ்திரி, இந்தப் பேரெல்லாம் உன் போன் வழியாவா போச்சு?" என்றார் மரியதாஸ்.

"ஆமாங்க."

அவர் மறுப்பார், தான் ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று ராத்திரியெல்லாம் பயந்துகொண்டிருந்தாள் பூங்குழலி. இப்படிக் கூசாமல் ஒப்புக்கொண்டது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அன்னிக்குக் கைய காட்டினீங்க. இன்னிக்குப் பட்டன தட்டறீங்க. அவ்ளோதானே வித்தியாசம்? உங்களுக்கு வேண்டியவங்க முப்பத்தோரு பேரு. மத்தவங்க வாயில மண்ணு."

"உங்கிட்ட வாதாட நான் வரல, பாப்பா. தலைவரு என்ன சொல்றாரோ சொல்லட்டும்."

"இவரு செஞ்சது தப்புன்னு அந்தக் காகிதத்துலயே கீழ எழுதியிருக்கேன். மேஸ்திரி வேலைய விட்டு எடுக்கணும்னும் எழுதியிருக்கேன். கையெழுத்து போடுங்க தலைவரே."

பதினெட்டு வருஷமாகச் செய்துவந்த வேலை. புருஷோத்தமன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரியதாஸ் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இருங்க தலைவரே." கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உப்பு வாரும் ரேணுகா உள்ளே வந்தாள். "அந்த முப்பத்தொண்ணுல என் பேரும் இருக்குது. அத நாந்தான் பதிஞ்சேன். என் போன்ல, என் கையால."

"பொய் சொல்லாதக்கா. உன் பேரு அவரு நெட்லேருந்துதான் வந்திருக்குது."

"நெட்டு அவரோடதுதான். கை என்னோடது. தன் காசுல பெரிய பேக்கா வாங்கி, டீக்கடைகிட்ட ஹாட்ஸ்பாட்ட போட்டுட்டு உக்காந்திருப்பாரு. நாங்க சுத்தி நின்னு அவங்கவங்க பேர அவங்கவங்க பதிஞ்சிக்குவோம். யார் வந்தாலும் இடம் உண்டு. போ, யார வேணா கேளு."

"ஏன், உங்க போன்லயெல்லாம் நெட் இல்லியா?"

"இருந்துச்சு. உன் வெப்சைட்டு வர்ற வரைக்கும்."

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என் மூஞ்சிய நானே ஒரு தடவ பாக்கறதுக்குள்ள ஒரு நாள் நெட்டு போயிடுது. சினிமாக்காரிகூட இவ்ளோ கேக்க மாட்டா," என்றாள் சும்மாடோடு நின்ற ஜான்சி.

ரேணுகா தன் போனை எடுத்துப் பூங்குழலியின் கையில் திணித்தாள். "தொறந்து பாரு."

பூங்குழலி திறந்தாள். பக்கத்தின் உச்சியில் ஆறு வீடியோக்கள். ரேணுகா, ஜான்சி, இன்னும் நான்கு பெண்கள் உப்பள வேலையைப் பற்றிப் பேசியதை அவளே எடுத்துப் போட்டது. முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று அளவைக் குறைக்காமல் அப்படியே ஏற்றியிருந்தாள். யாரும் தொடாமலே ஆறும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. பெயர் பதியும் பட்டன் அதற்கும் கீழே. ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டன் கண்ணில் படுவதற்கு முன் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இன்றைய டேட்டா முடிந்துவிட்டது.

தோழி வீட்டு வைஃபையில் அவள் பார்த்தபோதெல்லாம் தட்டிய நொடியில் திறந்த பக்கம் இது.

"மீதி ஒம்போது பேரு?" என்று கேட்டாள்.

"அவங்க வீட்டுல பெரிய பேக் போட்டிருக்காங்க. வேற என்ன."

மரியதாஸ் பேனாவை மூடினார். பூங்குழலிக்கு முகமெல்லாம் எரிந்தது. தன்மேல் வந்த கோபம் வழி தெரியாமல் எதிரில் நின்றவர்கள்மேலேயே பாய்ந்தது.

"பத்து நிமிஷ வேலை இது, அக்கா. வீடியோ இருக்கற எடத்துல வெறும் போட்டோவ வெச்சிட்டு, தொட்டா மட்டும் வீடியோ வர்ற மாதிரி மாத்தியிருப்பேன். பட்டன மேல தூக்கியிருப்பேன். ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களா? ஒம்போது நாளா எல்லாரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டு நின்னிருக்கீங்க."

"மொத நாளே சொல்லக் கெளம்பினேன்டி," என்றாள் ரேணுகாவும் அதே சூட்டோடு, மேஸ்திரியைக் காட்டி. "இந்த மனுசன்தான் வழிய மறிச்சாரு. 'படிச்சிட்டு வந்து அந்தப் புள்ள செஞ்ச மொத வேலை. இப்பவே கொறை சொன்னா அடுத்ததுல கை நடுங்கும். கொஞ்ச நாளைக்கு என் நெட்டுலயே ஓட்டுங்க, தானா கண்டுபிடிச்சிக்கும்'னாரு."