ஐந்தாவது மஞ்சள்

பேசாலைக் கடலில் கவிழ்ந்த தன் படகில் செத்தவர்களுக்காக மில்ரன் சம்மாட்டி கோயிலுக்கு ஒரு கண்ணாடி யன்னல் செய்யச் சொன்னார். வேதியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு, வேலை கிடைக்காமல், கண்ணாடிக்கு நிறமேற்றிக்கொண்டிருந்தவள் டினோஜா.

"நாலு பேர்தான் போனவங்கள். உன்ர தம்பி இந்தியாவுக்கு ஓடியிருப்பான்" என்றார் அவளிடம்.

டினோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகில் நான்கு பேருக்குத்தான் அனுமதி. ஐந்தாவதாகத் தம்பி றொகானை ஏற்றியதை ஒத்துக்கொண்டால் சம்மாட்டி மாட்டுப்படுவார். அதனால் அவனுக்கு ஒரு பூசைகூட இல்லை.

கண்ணாடியில் படகோடு வரைந்த நான்கு தலைகளைச் சுற்றியும் வெள்ளி உப்புக் குழம்பைப் பூசிச் சூளையில் வைத்தாள். சூட்டில் வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத மணிகளாகத் திரண்டு மஞ்சளாகும். மறுநாள் கழுவியபோது ஐந்து மஞ்சள் வட்டங்கள் இருந்தன. ஐந்தாவது, தலையே வரையாத அணியத்தில், படகின் முன்முனையில்.

"எனக்கே விளையாட்டுக் காட்டுறியோடி? சுரண்டு!" பார்க்க வந்த சம்மாட்டி கத்தினார்.

"சுரண்ட இது பெயின்ற் இல்லை, உள்ளுக்க கிடக்கு. நம்பாட்டி நீங்களே பூசுங்கோ, சம்மாட்டியார்."

அதே படம் வரைந்த புதுக் கண்ணாடியில் அவரே நான்கு வட்டங்களைப் பூசினார். சூளையைப் பூட்டித் திறப்பையும் கொண்டுபோனார்.

அடுத்த நாள் கோயில் சுவாமியாரைச் சாட்சிக்குக் கூட்டிவந்து, அவருக்கு முன்னால் திறந்து, தன் கையாலேயே கழுவினார். சம்மாட்டி பூசிய நான்கும் நிறம் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விட்டன. அணியத்தில் மட்டும் ஒரு வட்டம் மஞ்சளாக நின்றது.

"இது ஆர்?" என்றார் சுவாமியார்.

டினோஜா, சம்மாட்டியே சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.