இரண்டாவது சட்டி

நீலா சட்டியின் மூடியைத் திறந்தாள், முகர்ந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

கேஸ் அடுப்பில் இரண்டு பக்கமும் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டும் மடவை மீன்தான், ஒரே மசாலாதான். ஒரு சட்டி விருந்தாளிக்கு, இன்னொன்று வீட்டுக்கு. விருந்தாளி எழுந்த பிறகுதான் உனக்கு என்று மகள் ரேகாவைப் பின்பக்கம் உட்கார வைத்திருந்தாள்.

விருந்தாளி லேசுப்பட்ட ஆள் இல்லை, எம்.எல்.ஏ. நெட்டுக்குப்பத்துச் சந்துக்குள் கார் நுழையாது. முனையில் இறங்கி நடந்து வந்துகொண்டிருக்கிறார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயாயிற்று.

நீலா கொடியில் கிடந்த நல்ல புடவையை எடுத்து, படிந்திருந்த சாம்பலை உதறினாள். உதற உதற வந்துகொண்டே இருந்தது. அப்படியே சுற்றிக்கொண்டாள்.

ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் ஆலை எண்ணெயும் கலந்து எத்தனையோ வருஷமாகிறது. மீனவர் சங்கத் தலைவர் ரகுபதி ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. மனு கொடுத்தார், ரோட்டில் உட்கார்ந்தார், கைதாகிக் கல்யாண மண்டபத்தில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு வந்தார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். முதல் முறையாக இந்த எம்.எல்.ஏ.தான் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். நேரில் வந்து பார்க்கிறேன், நீங்கள் சொல்வது நிஜமென்றால் திங்கட்கிழமை சட்டசபையில் நானே எழுந்து பேசுகிறேன் என்று.

அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. யோசனை ரகுபதியுடையது.

"படிச்சத மறந்துடுவாங்கோ, நாக்கு மறக்காது. நம்ம ஆத்து மீனையே ஆக்கிப் போடுவோம், துன்னு பாக்கட்டும்."

அவர் இதைச் சொன்னபோது குப்பமே கை தட்டியது. சமைக்கும் பொறுப்பு நீலாவுக்கு வந்தது. கல்யாணமோ கருமாதியோ, கைப்பக்குவம் என்றால் அந்தக் குப்பத்தில் அவள்தான். அங்கேதான் ரகுபதி கோட்டை விட்டார்.

வந்தவர் நல்ல மனிதராகவே தெரிந்தார். செருப்பை வெளியே விட்டார். நாற்காலி வேண்டாம் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து இலையில் ரகுபதி. எதிரே டி.வி.காரர்கள். வாசலில் குப்பம் மொத்தமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

மீன் தலை விருந்தாளிக்கு. அதுதான் அங்கே வழக்கம். நீலா தலையை வைத்தாள், நடுத்துண்டு வைத்தாள். குழம்பு இலையைத் தாண்டிச் சிந்தியது. துடைத்தாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் புருஷன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அத்திப்பட்டுப் பக்கம் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

எம்.எல்.ஏ. சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உள்ளே போனது.

கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"அடடா! இந்த ருசியவா கெட்டுப்போச்சுங்கறீங்க?"

கேமராக்காரர் சிரித்தார். மைக் இன்னும் கிட்டே வந்தது.

ரகுபதி தன் இலையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். பிறந்ததிலிருந்து அந்த ஆற்று மீனைத் தின்ற வாய், உடனே கண்டுபிடித்துவிட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டு நீலாவைப் பார்த்தார். கேமரா முன்னால் அவர் என்னவென்று சொல்வார், வீட்டுக்காரி மீனை மாற்றிவிட்டாள் என்றா?

நடந்தது நீலாவுக்குத்தான் தெரியும். விடியற்காலையில் புருஷன் ஆற்றில் பிடித்து வந்த மீனைத்தான் அவள் ஆய உட்கார்ந்தாள். செவுளைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் நெடி குப்பென்று வந்தது. எதற்காக இந்த விருந்து என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வீடு தேடி வருகிற ஆளின் இலையில் இதையா வைப்பது என்று மனசு அடித்துக்கொண்டது. பஸ் பிடித்துக் காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்கு ஓடி, பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த மடவையை வாங்கி வந்துவிட்டாள். வாங்கும்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை எம்.எல்.ஏ. எழுந்து என்ன பேசுவார் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னொரு துண்டு இருக்காம்மா?"

நீலா உள்ளே போனாள். முதல் சட்டியில் இன்னும் துண்டுகள் கிடந்தன. அதை மூடினாள். இரண்டாவது சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

ஆவியோடு நெடியும் கிளம்பியது. மைக் பிடித்திருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எம்.எல்.ஏ. அண்ணாந்து பார்த்தார்.

"மொதல்ல வெச்சது காசிமேட்ல வாங்கினது சார். வூடு தேடி வந்தவருக்கு எங்க ஆத்து மீன வெக்க மனசு வரல. இதான் எங்க ஆத்து மீனு."

 எம்.எல்.ஏ.யின் கை அந்தத் துண்டுக்கு மேலே அப்படியே நின்றது. கீழே இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

பின்பக்கத்திலிருந்து ரேகாவின் குரல் கேட்டது.

"எம்மா! அந்த சட்டிய எங்க எடுத்துகினு பூட்ட? நான் இன்னும் துன்னவே இல்ல."