கேஸ்

கதவு இடிபடும் சத்தத்தில் மேனேஜரின் பகல் தூக்கம் கலைந்தது. கதவு லென்ஸ் வழியாகப் பார்த்தார். வண்டி நிறுத்தும் இடத்துக்காக நேற்று அவரோடு மல்லுக்கு நின்ற கீழ்வீட்டு லாரி டிரைவர்.

"சார், கேஸ் சார். சீக்கிரம் திறங்க."

"கேஸ்தானே? போட்டுக்கோ. கோர்ட்டுல பாத்துக்கறேன். பெல் இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? குடிச்சிட்டு வந்து கதவை உடைக்கிறியா?"

"அந்தக் கேஸ் இல்ல சார், அடுப்பு கேஸ். படிக்கட்டு வரைக்கும் நாறுது."

அப்போதுதான் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. பால் பொங்கி நெருப்பு அணைந்தும் கேஸ் வந்துகொண்டிருந்தது. சளி பிடித்த மூக்குக்கு எதுவும் தெரியவில்லை.

பதறிக் கதவைத் திறந்தவர் பழக்கதோஷத்தில் சமையலறை லைட்டைப் போடக் கை நீட்டினார். டிரைவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தார்.

"பெல்லை அழுத்தினா வர்ற சின்னப் பொறியே போதும் சார். அதான் கையால தட்டினேன்."

டிரைவரின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"நீங்க..." என்று ஆரம்பித்த மேனேஜர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அந்த மனிதரை அவர் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.