பவளப்பாறையில் ஒரு நேர்கோடு

"பதினோரு வருஷமா பாட்டில்ல கடல் தண்ணி மொண்டு என்னத்தக் கண்டீங்க?"

மதிப்பீட்டுக் குழுவின் முன்னால், ஆய்வக உதவியாளர் அம்மாளைப் பார்த்து இயக்குநர் கேட்டார்.

"தண்ணியில கரியமில வாயு ஏறிக்கிட்டே போகுது சார். அதுல தண்ணி அமிலமாகி, பவளப்பாறை கரைய ஆரம்பிச்சிருச்சு."

"இந்தம்மா வாரத்துக்கு ஒரு நம்பர் சொல்லுவாங்க!" இயக்குநர் சிரித்தபடி திரையில் வேறொரு வரைபடத்தைக் காட்டினார். துளியும் வளையாத நேர்கோடு. "ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கின தானியங்கிக் கருவி. பாறைப் பக்கத்துலயே மணிக்கொரு தரம் அளக்குது. கடல் கல்லு மாதிரி மாறாம இருக்கு. இனிமே இவங்க எதுக்கு?"

அந்த அம்மாள் தன் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

"அந்தக் கருவியைப் பார்க்கலாமா?" என்றார் குழுத் தலைவி.

"தாராளமா!" இயக்குநர் கிடங்குக் காப்பாளரை அழைத்தார். "கருவியைப் பார்க்கணும். படகை எடுக்கச் சொல்லுங்க."

"படகு எதுக்கு சார்? கிடங்குலதானே இருக்கு," என்றார் காப்பாளர் பெருமையாக. "அலை அடிச்சு ஒரு கீறல் விழுந்தாலும் வேலை போயிடும்னு சொன்னீங்களே! டிரம்ல கடல் தண்ணி பிடிச்சு, உள்ள போட்டு மூடி வச்சிருக்கேன். வாங்கின அன்னிக்குப் பிடிச்ச அதே தண்ணி. ஒரு சொட்டுகூட மாத்தல!"