தோள் வலி

"அடுத்தது யாரு?" என்று சுந்தரதாஸ் சார் தலை நிமிராமலே கேட்டபோது, கடைசிப் பெஞ்சிலிருந்து புஷ்பபாய் எழுந்தாள்.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபை. அதன் பெண்கள் சங்க அறையில் அன்று ஜெபக்கூட்டம் இல்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த ஊர்வலங்களில் போலீஸ் நடத்திய தடியடியைப் பற்றி மேலிடத்துக்கு மனு போகிறது. பட்டதைப் பட்டவர்களே சொல்ல வேண்டும், அதைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான சுந்தரதாஸ் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

புஷ்பபாயை அங்கே யாருக்கும் தெரியாது. திருப்புறத்திலிருந்து பாதி தூரம் பஸ்ஸிலும் பாதி தூரம் நடந்தும் வந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் பேசியவள் ஞானபாய். தாய்த் தமிழகத்தோடு எங்களையும் சேர் என்று புதன்கிழமை குளத்தூர் ரோட்டில் கூவிக்கொண்டு போனவள். வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை.

புஷ்பபாய் தொடங்கினாள்.

"செவ்வாய்க்கிழமை ஊர்வலம் நடந்த எடத்துக்கு எனக்க வீட்டுக்காரரும் போயிருந்தாரு. அந்திக்கு வந்தப்பம் வலது கையைத் தூக்க முடியல்ல. சட்டையைக்கூட நான்தான் கழத்தி விட்டேன்."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"தோளு கல்லுபோல இருந்துது. தொட்டா அலறுதாரு."

"அடிச்சவனுக்குக் கையி அழுகிப் போவட்டு," என்றாள் ஜன்னலோரம் இருந்த ரத்னபாய். யாரோ ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார்கள். புஷ்பபாய் வாங்கவில்லை.

தைலம் காய்ச்சியதைச் சொன்னாள். ஒரு மணி நேரம் சூடு ஆறாமல் தேய்த்ததை. அவர் பிள்ளைபோல முனகியதை. அதைக் கேட்டுத் தனக்கும் கண் நிறைந்ததை. மறுநாள் விடிந்ததும் அவர் கையைச் சுழற்றிப் பார்த்து, உனக்க கையில மருந்து உண்டு என்று சிரித்ததை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

சுந்தரதாஸ் எழுதிக்கொண்டே கேட்டார். "அவருக்கு எத்தன அடி விழுந்துது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவரை சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டால், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து, ஒன்றும் நடக்காததுபோல வீட்டில் உலை வைத்துவிடலாம்.

"ஒரு அடியும் விழல்ல, சாரே. அவரு போலீசாக்கும். அடிச்சு அடிச்சு வந்த வலியாக்கும் அது."

பேனா நின்றது.

ரத்னபாய் பாய்ந்து வந்தாள். "வேவு பாக்க வந்திருக்கா! பிடிச்சு வெளியில தள்ளுங்க!" பின்னாலிருந்து ஒரு கை புஷ்பபாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

புஷ்பபாய் முன்பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"தள்ளுங்க. நான் சொல்லி முடிச்ச பெறவு தள்ளுங்க."

இழுத்த கை விட்டது.

என்ன சொல்லி முடிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. வரும் வழியெல்லாம் புருஷனைக் காட்டிக்கொடுக்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்காகவே இரண்டு முறை திரும்பிப் போகவும் பார்த்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"செவ்வாய்க்கிழமை அந்தக் கையி ஓய்ஞ்சு போயிருந்துது. நான் தடவிச் சரியாக்கி விட்டேன். புதன்கிழமை உங்களை அடிக்க வந்தது, நான் அனுப்பின கையாக்கும்."

சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டாள். இதை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை.

சுந்தரதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் எழுதினா, பின்னே நீங்க எப்படி வீட்டுக்குப் போவிய?"

"போவேன். இஞ்ச சொன்னதை அவருகிட்டயும் சொல்லுவேன். நீங்க எழுதுங்க. கான்ஸ்டபிள் ராஜதாசுக்க பெஞ்சாதி புஷ்பபாய்."

அவர் எழுதினார். அவள் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'கணவருக்குத் தோள் வலி கண்டிருந்தபடியால்' என்று இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"என்னத்தினால கண்டுதுன்னு போடல்ல."

சுந்தரதாஸ் அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக, நிதானமாக எழுதினாள்.

கதவுப் பக்கம் ரத்னபாய் நின்றிருந்தாள். வழி விடவில்லை. போவதா நிற்பதா என்று புஷ்பபாய்க்குத் தெரியவில்லை.

ஞானபாய் கட்டுப் போட்ட கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சற்று நகர்ந்தாள். "இரி, மக்கா."

புஷ்பபாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சுந்தரதாஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஞானபாய் மெதுவாகக் கேட்டாள். "இப்பம் அவனுக்க தோளு எப்படி உண்டு?"

"புதன்கிழமை அந்தியிலேருந்து திரும்பவும் வலிக்கு," என்றாள் புஷ்பபாய். "மூணு நாளா தேய்க்கச் சொல்லுதாரு. நான் எழும்பல்ல."